சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

என் பழைய காரை உங்களில் பல பேர் தள்ளியிருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி.

தினமும் மக்கர் பண்ணியிருந்தால் சுலபம். மெக்கானிக்கிடம் போனால் சமர்த்தாகக் கிளம்பும். "பேட்டரி வீக் சார்" என்றார், புதிது போட்டேன். பத்தாம் நாள் ராத்திரி மனைவிக்கு மூச்சுத் திணறல். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆட்டோவில் ஓடினோம். நல்லபடியாகத் திரும்பி, இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாளே ஒரு நோட்டுப் போட்டேன். வங்கியில் கணக்கு டாலி ஆகாவிட்டால் ஒவ்வொரு லெட்ஜராகப் பார்த்து ஒதுக்குவோமே, அந்தப் பழக்கம். இன்ஜின் சூடா, ஆறியதா, என்ன சத்தம், ஹெட்லைட் மங்கியதா, எல்லாம் எழுதினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் பெட்ரோல், ஸ்பார்க் பக்கம் போக வேண்டும். என்னுடையது சுற்றவே இல்லை. அப்படியென்றால் பேட்டரி, ஒயர், ஸ்டார்ட்டர்.

மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. குறையில்லை. அடுத்த 'டக்' வந்தபோது வண்டியை நியூட்ரலில் வைத்து மகனைச் சாவி திருப்பச் சொன்னேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மற்றது இன்ஜின் இரும்பில். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 4 காட்டியது! எர்த் ஒயர் இன்ஜினில் சேரும் இடத்தில் பச்சை பூத்து, போல்ட்டும் தளர்ந்திருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சுரண்டி முறுக்கினேன். செலவு, உப்புத்தாள் காசு.

நாலு மாதமாக நிற்கவில்லை. மீட்டர் வேண்டுபவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். மதியம் ரெண்டு முதல் நாலு மட்டும் வேண்டாம், தூங்குவேன்.