மன்னார்க் கரைக்குப் போகுமுன்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வருகிற மாசியிலே, சிவராத்திரி கழிந்த பின், நம் சங்கத்து இளைஞர் மன்னார்ப் பகுதியில் ஐந்து நாள் பாசறை அமைத்துத் தங்குவதென முடிவாகியிருக்கிறது. அதற்கு முன் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அக்கரையின் இயற்கையைப் பற்றி வாசிக்க வேண்டும் என்று நிருவாக சபை விதித்தது சிலருக்குப் பிடிக்கவில்லை. "கடலைப் பார்க்கப் போவதற்கும் பரீட்சையா?" என்று கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

நாம் மலையிலே பிறந்தவர்கள். விடியற்காலை மேகத்தைப் பார்த்தே அன்றைய மழையைச் சொல்லிவிடுவோம். பாசி பிடித்த கல்லிலே எங்கே கால் வைக்கலாம், அட்டையை எப்படி உதறலாம் என்பதையெல்லாம் நமக்கு எவரும் புத்தகம் வைத்துப் போதிக்கவில்லை. ஆனால், மலை இறங்கிவிட்டால் இந்த அறிவு செல்லாக் காசு. ஹற்றனுக்கு அடுத்த வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மன்னாரிலோ 1,000 மில்லிமீற்றர் அளவுதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் பெய்து முடிந்துவிடும். வைகாசி, ஆனியிலே நம் தோட்டங்களை நனைக்கும் தென்மேற்குக் காற்று அங்கும் வீசத்தான் செய்கிறது. அங்கே மழையின்றி வெறுங்கையோடு போகிற அந்தக் காற்றுக்குக் கரையோர மக்கள் சோளகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு மழையாய் வருவது அவர்களுக்குப் புழுதியாய் வருகிறது.

இதை ஏதோ பூகோளப் பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் குடும்பங்களின் கதை இந்த மழைக் கணக்குக்குள்ளே கிடக்கிறது.

தேயிலைக்கு முன் இந்நாட்டு மலைகளிலே கோப்பி விளைந்த காலத்தில், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் தோணியேறி வந்து இறங்கியது எங்கே? தலைமன்னார், அரிப்பு முதலிய அந்தக் கரைகளிலேதான். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் கால்நடை. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு முன்னே வந்து சேர வேண்டும் என்பதால், வடபுலத்திலே குளங்கள் வற்றிக் கிடக்கும் மாதங்களில் நடந்தவர் பலர். கிடைத்த சேற்று நீரைக் குடித்தார்கள். வாந்திபேதி வந்தது, காய்ச்சல் வந்தது. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். பின்னாளில் அரசாங்கம் வழியிலே கிணறும் தங்குமடமும் வைத்தியசாலையும் வைத்தது உண்மையே. ஆயினும் எத்தனையோ உயிர்கள் அதற்கு முன்பே போய்விட்டன. கண்டிச் சீமையைப் பற்றி அவர்கள் அறிந்திருந்ததெல்லாம் கங்காணி சொன்ன சொல் ஒன்றுதான். எந்த மாதத்தில் எந்தக் குளத்தில் நீர் இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை; எழுதி வைத்தவர் இருந்திருந்தாலும் வாசிக்க அவர்களுக்கு எழுத்து இல்லை. நமக்கு எழுத்து இருக்கிறது. அவர்கள் இறங்கிய அதே மணலிலே நாம் இறங்கும்போது ஒன்றும் வாசிக்காமல் போனால், அது எப்படி என்று நீங்களே சொல்லுங்கள்.

2023 ஆம் ஆண்டு ஆடியிலே, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைந்து, யூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே பாதையில் ஒரு கூட்டத்தார் நடந்தார்கள். வெயிலின் கடுமை பெரிதாய் இருந்திருக்கும். இத்தனைக்கும் அவர்களுக்கு வழியெங்கும் தண்ணீர் கிடைத்தது.

அந்தக் கரை நாம் வந்த வாயில் மட்டுமன்று, திரும்பிப் போன வாயிலும் அதுவே. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பிற்பாடு இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலிலேதான் நம் உறவினர் பலர் இந்தியாவுக்கு ஏற்றப்பட்டனர். கோச்சி புறப்படும்போது ஸ்டேசனில் எழுந்த அழுகையை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1990 இல் நின்றுபோன தலைமன்னார் இரயில் 2015 மார்ச்சிலே மீண்டும் ஓடியது. நாமும் மதவாச்சி வழியாக அந்தப் பாதையிலேதான் போகிறோம்.

நிற்க. இயற்கைக்கு வருவோம்.

நாம் போகும் மாசியிலே வங்காலைச் சதுப்பில் பறவைகள் இன்னும் இருக்கும். சைபீரியா முதலிய வடநாடுகளிலிருந்து குளிருக்கு ஓடிவரும் ஊசிவால் வாத்துகளும், சேற்றைக் குத்தித் தின்னும் மூக்கன்களும், பூநாரைகளும் அங்கே கூடும். ஏறக்குறைய 4,800 ஹெக்டேயர் கொண்ட அவ்விடம் 2008 இல் சரணாலயமாகி, 2010 இல் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரை தன் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடிகட்டி உண்ணும். அதற்கு நாள் முழுதும் வேலை. கூட்டத்தைப் பறக்க வைத்துப் படம் பிடிப்பது பெரிய சாமர்த்தியம் என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும், திரும்பிப் போகும் நெடும் பயணத்துக்கென்று சேர்த்த கொழுப்பை அது செலவழிக்கிறது. வழிநடைக்காரருடைய கட்டுச்சோற்றைப் பறிப்பது போன்ற காரியம் அது. நம் வம்சத்தார் அதைச் செய்யலாகாது.

ஆழமில்லாத கடலடியிலே கடற்புல் மேய்ச்சல் நிலம்போல் விரிந்து கிடக்கிறது. அதை மேய்ந்து வாழும் கடற்பசுவை அப்பகுதியார் ஆவுளியா என்பர். ஓராண்டுக்கு மேல் சினை சுமந்து ஒரே கன்று ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். ஆதலால் ஒன்று வலையில் மடிந்தாலும் ஈடு செய்தல் அரிது. இங்கே சட்டம் அதனைக் காக்கிறது. எதிர்க்கரையிலே தமிழ்நாட்டு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் அதற்கெனத் தனிக் காப்பகம் அறிவித்தது. நாம் ஆவுளியாவைக் காண்பது ஐயமே. கரையில் ஒதுங்கிய கடற்புல்லைக் கண்டால், அதைக் குப்பை என்று மிதித்துப் போகாதிருந்தாற் போதும்.

அரிப்பிலே ஒரு பாழ் மாளிகை நிற்கிறது. ஆங்கிலத் தேசாதிபதி நோர்த், முத்துச் சலாபத்தைப் பார்வையிடுவதற்காக 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டியது. முத்துச்சிப்பி, கடலடியில் பார் எனப்படும் கெட்டித் தரையைப் பற்றி வளர்வது. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடினால், கோடிக்கணக்கிலே மடிந்துபோகும். 1905 இல் மாபெரும் விளைச்சல் கண்டு ஒரு கும்பனி குத்தகை எடுத்தது. சில ஆண்டுக்குள் நொடித்தது. கோப்பியை நோய் அழித்த கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

திருக்கேதீச்சரத்திலே பாலாவித் தீர்த்தத்தில் நீர் மொண்டு நாமே மகாலிங்கத்துக்கு வார்க்கும் வழக்கத்தைப் பெரியோர் அறிவீர்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்களை இம்முறை வேறொரு கண்ணோடும் படித்துப் பாருங்கள். பாலாவிக் கரையும், மரக்கலம் நிறைந்த கடலும், மாஞ்சோலையும் அவற்றில் இருக்கின்றன. பக்தியோடு படித்தவர்கள் பலர். மாதோட்டத் துறைமுகம் எப்படி இருந்தது என்று அறியப் படித்தவர்கள் சிலரே. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியிலே அடும்புக்கொடி வருகிறது. அது புலவரின் அலங்காரம் மட்டுமன்று. மணல்மேட்டைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து நிறுத்தும் கொடி அது. கூடாரத்துக்கு இடம் வேண்டுமென்று அதை வெட்டாதீர்கள்.

பள்ளிமுனையில் 19 மீற்றருக்கு மேல் சுற்றளவுள்ள பெருக்கமரம் உண்டு. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பது மரபு. மன்னார்ப் பட்டினத்துத் தெருக்களிலே கழுதைகள் திரியும், ஏளனம் வேண்டாம். சுமை இழுத்து உழைத்தவற்றின் சந்ததி அவை.

இனிப் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் கடலில் இறங்குவது பற்றி நீங்கள் அஞ்சுவது சரியே. நம் பிள்ளைகள் ஓடையிலே குளித்தவர்கள்; கடலின் இழுப்பை அறியாதவர்கள். தீவின் வடகரையும் தென்கரையும் ஒரே காலத்தில் ஒரே குணமாய் இராது. காற்று மாறினால் அமைதியான பக்கமும் மாறும். இதை அறிந்தே மீனவர் பருவத்துக்குப் பருவம் தம் வாடிகளைப் பெயர்த்துக் கொண்டு போகிறார்கள். எனவே அவ்வூர் மீனவர் ஒருவர் காட்டிய இடத்திலன்றி எவரும் நீரில் இறங்குவதில்லை. இடுப்பளவுக்கு மேல் போவதில்லை. ஆழமற்ற மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி நடக்க வேண்டும். புதைந்து கிடக்கும் திருக்கை மீன் அந்த அதிர்வில் விலகிவிடும். மிதித்தால் வால்முள் பாயும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லீற்றர், புறப்படும்போதே கணக்கிட்டுக் கொள்ளப்படும்.

எந்த நூல்கள் என்று கேட்டீர்கள். தேவாரப் பதிகங்கள் இரண்டும், நெய்தற் பாட்டுகளும் முதல் இரண்டு வாரம். பிறகு, சைமன் காசிச்செட்டி 1834 இல் வெளியிட்ட இலங்கை இடவிளக்க நூலில் மன்னாரைப் பற்றிய பகுதிகள். கடைசியிலே ஹென்றி எழுதி 1955 இல் வந்த இலங்கைப் பறவை நூல். அவரும் இந்நாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலே 1891 இல் பிறந்தவர். முதலிற் பார்த்த உத்தியோகம் அந்த முத்துக் கும்பனியிலே என்பதையும் கவனியுங்கள். பின்னிரண்டும் ஆங்கில நூல்கள். ஆங்கிலம் படித்தவர்கள் வாரந்தோறும் ஒரு பகுதியைத் தமிழிலே எழுதிக் கொண்டுவந்து மற்றவர்க்கு வாசிக்க வேண்டும். ஞாயிறு மாலை 4 மணிக்கு, இதே மண்டபத்தில். பறவை நூல் ஒரே பிரதிதான் இருக்கிறது. தயவுசெய்து எவரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.