அந்தரத்தில் நிற்கும் ஆகாய விமானம்



ஓடுபாதை இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே நேர் மேலே கிளம்பி, அந்தரத்தில் அசையாமல் நின்று, ஜனக்கூட்டத்தைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணக்கமும் செய்த 'ஹாரியர்' என்னும் ஆங்கிலேய யுத்த விமானத்தைப் பற்றி இன்று நாம் கொஞ்சம் பேச எண்ணுகின்றோம். வேடிக்கை மைதானங்களில் அதைப் பார்த்தவர்கள் கை தட்டினார்கள், அதிசயம் என்றார்கள். அதிசயம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யோசிக்கும் வேலை மிச்சமல்லவா? நாமோ கணக்குக் கேட்கிறவர்கள்.

அதனுடைய இயந்திரத்திற்குப் பெகாசஸ் என்று பெயர். அது கிரேக்கப் புராணத்தில் வரும் இறக்கை முளைத்த குதிரையின் பெயர். பெயர்தான் புராணமே தவிர, உள்ளே இருப்பது முழுதும் கணக்கு. இயந்திரம் கக்கும் காற்று, இரு பக்கமும் இரண்டிரண்டாக உள்ள நான்கு குழாய் வாய்களின் வழியாக வெளியே வருகின்றது. அவ்வாய்களை ஒரே நெம்புகோலால் திருப்பலாம். பின்னால் திருப்பினால் விமானம் முன்னே பாயும். கீழே திருப்பினால் மேலே எழும்பும். 1960-ம் வருஷம் அக்டோபரில், இங்கிலாந்தில் டன்ஸ்போல்டு என்ற இடத்தில், முதல் மாதிரியைக் கயிற்றால் தரையோடு கட்டி வைத்தே எழும்பச் செய்து பார்த்தார்கள்.

இனி எடைக்கு வருவோம். காற்றின் உந்தல் விமானத்தின் எடையைவிட அதிகமாக இருந்தால்தானே மேலே எழும்பும்? பிந்திய அமெரிக்க ஹாரியரின் வெறும் எடையே ஏறக்குறைய 6,300 கிலோ. நேர் மேலே கிளம்ப வேண்டுமானால் எல்லாம் சேர்த்து 9,400 கிலோவுக்கு மேல் கூடாது. ஆகவே எண்ணெய்க்கும் குண்டுக்கும் மிஞ்சுவது மூவாயிரம் கிலோதான். கொஞ்ச தூரம் ஓடிக் கிளம்பினாலோ, இறக்கையும் தாங்குவதால் 14,000 கிலோ வரையில் போகலாம். ஆகையால் குண்டு சுமந்து யுத்தத்துக்குப் போகும்போது அது ஓடித்தான் கிளம்பிற்று. குண்டும் எண்ணெயும் தீர்ந்த பிறகு நேராக இறங்கிற்று. 1982-ல் பாக்லாந்து யுத்தத்தில், கூஸ் கிரீன் என்ற ஊரில் தரைமேல் குண்டு போட்ட ஹாரியர்கள், கப்பலின் நுனியில் மேல்நோக்கி வளைத்துக் கட்டிய சரிவில் ஓடித்தான் பறந்தன. மைதானத்தில் கை தட்டியவர்கள் பார்த்தது பாரமில்லாத விமானம்!

மற்றொரு கணக்கும் உண்டு. அந்தரத்தில் நிற்கும்போது இறக்கைக்கு வேலையில்லை. மூக்கு, வால், இறக்கை நுனிகளிலிருந்து பீறும் சிறு காற்றுகளே அதைச் சாயாமல் நிறுத்துகின்றன. இருப்பதோ ஒரே இயந்திரம். அது அப்போது நின்றால் விமானம் கல்லைப்போல் விழும். வெளியே குதிக்கச் சில விநாடிகளே உண்டு. அமெரிக்க மரைன் படை 1971 முதல் இதை வைத்திருந்தது. எதிரி ஒருவனும் சுடாமல், வெறும் விபத்துகளில் மாத்திரம் 45 பேர் செத்தார்கள் என்று 2002-ல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்திற்று. நமது தேசக் கடற்படையும் 1983 முதல் 2016 வரையில் கடல் ஹாரியர்களை ஓட்டியது. வாங்கினவற்றில் பாதிக்கு மேல் விபத்துகளில் போயின. செத்தவர்களின் தாய்மாருக்கு அந்த வணக்கத்தை யார் போய்ச் செய்து காட்டினார்கள்?

பிரிட்டன் 2010-ல் ஹாரியரை நிறுத்திவிட்டு, மறு வருஷம் 72 விமானங்களை உதிரி பாகங்களுக்காக அமெரிக்காவுக்கு விற்றுவிட்டது. அந்த இடத்துக்கு வந்த எப்-35பி என்னும் புது விமானமும் அந்தரத்தில் நின்று காட்டுகின்றது. குண்டு நிறைத்தால் அதுவும் ஓடித்தான் கிளம்புகின்றது.