பூட்டில் தங்கும் சாவி



திண்டுக்கல் என்றதும் பலருக்கும் பூட்டே நினைவுக்கு வரும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட அந்தப் பூட்டைக் கொண்டே, அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தும் மருந்துகளைப் பற்றிச் சில சொல்ல எண்ணுகிறேன். இவ்வூரிலே பல்லாண்டு பாடம் நடத்திய எனக்கு வேறு உவமை தோன்றவில்லை.

நரம்பு தசையைச் சேரும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்றுண்டு. மூளையின் கட்டளை அங்கு வந்ததும் நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அது தசையின்மேலுள்ள பூட்டுகளில் சாவிபோற் பொருந்தித் திறக்க, தசை சுருங்குகிறது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் பூசிய குராரே என்னும் நஞ்சும் அப்பூட்டில் நுழையும். ஆனால் திறக்காது, மெய்ச்சாவிக்கு இடமும் விடாது. 1942-இல் மான்ட்ரியல் நகரில் கிரிஃபித், ஜான்சன் என்னும் மருத்துவர் இருவர் அதனை அறுவை மேசைக்குக் கொண்டுவந்தனர். அதற்குமுன், வயிற்றுத் தசை தளர வேண்டுமானால் ஈதரை மிகுதியாக முகரச் செய்து, ஆபத்தான அளவுக்கு மயக்க வேண்டியிருந்தது.

ஒன்றை மறக்கலாகாது. இம்மருந்து உறக்கம் தருவதன்று, வலியையும் போக்காது. 1947-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித் தம் உடலிலேயே இதனை ஏற்றச் செய்து, விரலும் அசையாத நிலையில் அறிவு முற்றும் தெளிந்திருந்ததை அறிவித்தார். மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடுவதால் மயக்க மருத்துவரே மூச்சூட்ட வேண்டும். இதயமோ துடித்துக்கொண்டே இருக்கும். மாங்காய்ப் பூட்டின் சாவி அலமாரிப் பூட்டுக்குப் பொருந்தாதன்றோ?

சக்சினைல்கோலின் வேறு இனம். அது பூட்டைத் திறந்துவிட்டு அதிலேயே தங்கிவிடும் சாவி. தசை ஒருமுறை துடித்துத் துவளும். மூச்சுக்குழலில் விரைந்து குழாய் செலுத்த இது பெரிதும் உதவுகிறது. இரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி சில நிமிடங்களில் இதனைச் சிதைத்துவிடும். மற்றவற்றுக்கு வழி வேறு: வெக்குரோனியத்தைப் பெரும்பாலும் ஈரல் அகற்றுகிறது, அட்ராக்குரியம் உடல் வெப்பத்தில் தானே சிதையும், ஆதலால் சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும் ஏற்றது.

அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாதவர் உலகில் மிகச் சிலரே. நம் தென்னாட்டு வைசிய சமூகத்திலோ அத்தகையோர் மிகுதி. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தாரும் அயல்நாட்டு ஆய்வாளரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நொதியின் சங்கிலியில் 307-ஆம் இடத்தில் லூசினுக்குப் பதிலாகப் புரோலின் அமைந்திருப்பதைக் காட்டியது. உறவுக்குள்ளேயே மணம் நிகழுமிடத்துத் தாயும் தந்தையும் ஒரே பிழையைப் பிள்ளைக்கு வழங்குதல் எளிதாகிறது. அன்றாட வாழ்வில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. சக்சினைல்கோலின் ஏறிய அன்றுதான், நிமிடங்களில் தீர வேண்டிய தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும். மருத்துவர் அவரை உறக்கத்திலேயே வைத்து மூச்சூட்டிக் காத்திருப்பார். மருந்து மெல்ல அகலும். இதை அறியாமல் மயக்கத்தை மட்டும் தெளியவைத்துவிட்டால், விழிப்பு வந்தும் அசைவு வராத கொடுமை நேரும். “உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் அறுவைக்குப்பின் மூச்சுத் திரும்பத் தாமதமாயிற்றா?” என்று மருத்துவர் வினவுவது வெறும் சடங்கன்று.

பிறவிக் குறை இல்லாதவர்க்கும் இந்நிலை வரலாம். நம் சமவெளித் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்துகளுள் கரிமப் பாஸ்பரஸ் வகை, இதே நொதியை முடக்குவது. அந்நஞ்சு உடலில் ஏறிய உழவர்க்கு நொதி பழைய அளவை எட்ட வாரங்கள் பல ஆகும். அதற்குள் அவசர அறுவை நேருமாயின், மயக்க மருத்துவர் சக்சினைல்கோலினைத் தவிர்த்து ரோக்குரோனியத்தை நாடுவார்.