அந்தமானில் ஒரு வாரம்

குழந்தைகளுடன் அந்தமான் தீவுகளில் ஒரு வாரம் தங்க எண்ணும் குடும்பம், விடுதியைத் தேடுவதற்கு முன்னர் அங்குள்ள பொழுதின் போக்கை அறிந்துகொள்வது நலம். இந்தியத் திட்ட நேரத்தைக் கணிக்கும் தீர்க்கக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை கிழக்கே இத்தீவுகள் அமைந்திருப்பதால், கடிகாரம் ஒன்றாயினும் கதிரவன் அங்கு சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே கடற்கரைக்குக் காலையும், செல்லுலார் சிறை போன்ற இடங்களுக்குப் பிற்பகலும் பொருந்தும்.

கடல்நீர் நாள்தோறும் ஏறியிறங்குவது ஓதம் எனப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் மிகுவதால், சிறுவர்களை நீரில் இறக்கும் வேளையை உள்ளூர் ஓத அட்டவணையைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். சில கரைகளில் உவர்நீர் முதலைகள் உண்டு என்பதால் எச்சரிக்கைப் பலகையை மீறுவது எக்காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று.

ஹேவ்லாக் என்றழைக்கப்பட்ட ஸ்வராஜ் தீவும், நீல் என்றழைக்கப்பட்ட ஷஹீத் தீவும் ஒரு வாரத்துக்குப் போதுமானவை. நாளுக்கொரு தீவென அலைவது பிள்ளைகளைக் களைப்படையச் செய்யுமேயன்றி மகிழ்விக்காது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். எனினும் காற்று வலுத்தால் கப்பல்கள் நிறுத்தப்படுவதுண்டு. வழக்கமாக ஊர்திரும்பும் விமானம் ஏறும் நிலையமோ போர்ட் பிளேர் என்றழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ளது. எனவே பயணத்தின் கடைசி இரவை அந்நகரிலேயே கழிக்குமாறு திட்டமிடுங்கள்.