மண்ணே முதற்பள்ளி

(பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மூன்று அகவைக் குழந்தையை நான்கு சுவர்களுக்குள் அமர்த்தி, 'கல் திண்மம். நீர் நீர்மம்' என ஒப்பிக்கச் செய்து, அறிவியல் கற்பித்துவிட்டதாக மகிழும் பள்ளிகள் உள. அஃது அறிவியலன்று, நாப்பயிற்சி. நீரில் கையளைந்து ஆடாத குழந்தைக்கு நீர்மம் என்பது வெற்றொலி. பொருள் முன்னே, சொல் பின்னே. அறிவு வளரும் முறை அதுவே.

இது தமிழர்க்குப் புதுச்செய்தி அன்று. உயிர்களை வகைப்படுத்திய தொல்காப்பியர், மரபியலில் ஊறு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஒவ்வொரு புலனறிவாக ஏற்றிச்சென்று, உள்ளத்தின் அறிவை ஆறாவதாக வைத்தார். தொட்டறிதலே முதற்படி. அப்படியில் கால்வையாமலே குழந்தையை ஆறாம் படிக்குத் தூக்கி எறிவதுதான் இன்றைய பிழை.

மேலைநாட்டாரும் இதனை உணர்ந்தனர். செருமனியின் பிளாங்கன்பர்க்கில் 1837இல் இளங்குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய பிரோபல், 1840இல் அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' எனப் பெயரிட்டார். பெயரளவில் நில்லாது, குழந்தைகள் விதைத்து வளர்க்கத் தனித்தனிப் பாத்திகளும் அமைத்தார். புலப்பயிற்சியையே தம் கல்விமுறைக்கு அடித்தளமாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

அதற்கான கருவிகள் விலைகொடுத்து வாங்கும் பொருள்களல்ல. உலர்ந்த மணலை எவ்வளவு குவித்தாலும் ஓரளவுச் சரிவுக்குமேல் நில்லாது சரியும். அதே மணல் ஈரமானால் கோட்டைச் சுவராய் நிமிர்ந்து நிற்கும். மணிகளை நீர் பிணைப்பதே கரணியம். அச்சரிவை அறிந்தே குழியானை, மழைபடாத இறவாரத்துப் புழுதியில் புனல்போல் குழி பறித்து அடியில் பதுங்குகிறது. கால்வைத்த எறும்பு சரிந்து விழுகிறது. தும்பியை ஒத்த சிறகுப் பூச்சியின் இளம்பருவமே அக்குழியானை என்றறியும் குழந்தையின் வியப்புக்கு எல்லையுண்டோ! புளியங்கொட்டையைக் கல்லில் தேய்த்துத் தோழன் கையில் வைத்தால் உராய்வின் வெப்பம் விளங்கும். நட்ட குச்சியின் நிழல் காலையில் நீண்டு உச்சியில் குறுகுவதைக் கண்டால் கதிரவனின் செலவு விளங்கும்.

வழவழப்பு, சொரசொரப்பு, பிசுபிசுப்பு, மொறுமொறுப்பு எனத் தொடுவுணர்வின் வேறுபாடுகளைத் தாய்மொழி ஒலியிலேயே காட்டும். அவற்றைக் கையால் உணரும் நொடியிலேயே செவியாலும் கேட்கும் குழந்தைக்கு அறிவும் மொழியும் ஒருசேர வளரும். வினா எழுவதும் அம்மொழியிலேதான்.

பெரியவர் செய்யத்தக்கது யாது? விடையை முந்திக்கொண்டு கூறாதிருத்தல். 'இது மிதக்குமா, அமிழுமா?' என்று வினவுக. குழந்தை கருதியதைச் சொல்லட்டும். பின்னர்த் தொட்டியில் இட்டுப் பார்க்கட்டும். கருதலும், செய்துபார்த்தலும், கருத்தைத் திருத்திக்கொள்ளலுமே அறிவியல். நீர்த்தொட்டியருகே பெரியவர் ஒருவர் கண்ணிமையாது நிற்கவேண்டும். சிறுவிதைகள் மூக்கிலும் வாயிலும் போகாமல் காக்கவேண்டும். காவல் வேண்டும், தடை வேண்டா.

ஆனால் நடப்பதென்ன? முற்றமெல்லாம் பைஞ்சுதை பூசப்படுகிறது. மண்ணில் கைவைத்தால் அடி விழுகிறது. 'ஏன்?' என்று கேட்ட வாய் 'சும்மா இரு' என அடக்கப்படுகிறது. அடங்கிய வாயினின்று பத்தாண்டு கழித்து ஆராய்ச்சி பிறக்குமென எதிர்பார்ப்பது, வித்தை வறுத்துவிட்டு விளைச்சல் தேடுவதாகும்.

பெற்றோர்களே! சட்டையில் படியும் அழுக்கு ஒரு துவைப்பில் போகும்; வினவும் உள்ளம் மழுங்கினால் மீட்பது அரிது. ஆசிரியர்களே! ஒரு மணற்குழி, ஒரு நீர்த்தொட்டி, ஒரு மரநிழல், குழந்தைக்கொரு பாத்தி, இவ்வளவே போதும். கதவைத் திறந்துவிடுக! குழந்தை மண்ணைத் தொடட்டும்!