சின்னக் காருக்கு ஒரு கைவேலை



1983 டிசம்பரில் முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அதை வாங்கியவரிடம் கொடுத்தார். அன்று தொடங்கி 2014 வரை அந்த வண்டி தயாரானது. 796 சிசி இன்ஜின், 12 அங்குலச் சக்கரம், ஏறக்குறைய 11 அடி நீளம். ஸ்கூட்டரை விட்டு இறங்கி முதன்முதலாகக் காரில் ஏறிய எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் கார். மாதத் தவணை கட்டியது போக மிச்சக் காசில் சீட் கவரும் மேட்டும் வாங்குவது அவர்களுக்குச் சுலபமல்ல. அதனால் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். தையல் மெஷினும் கத்தரிக்கோலும் பழைய அட்டைப்பெட்டியும் கொண்டு நடக்கும் இந்த வேலையை நான் உண்மையான கலையாகவே மதிக்கிறேன்.

அதில் நல்லது எது, மட்டமானது எது என்று பிரிக்க என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. வண்டியின் தகட்டில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. வேண்டாதபோது கையாலேயே கழற்றிவிட முடிய வேண்டும். துளை போட்ட இடத்தில் பெயின்ட் விட்டுப்போகும், தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இந்த அளவுகோலில் முதலிடம் நான் கொடுப்பது பின் சீட்டுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே வைக்கும் தட்டுக்கு. பழைய வண்டிகளில் அது உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும். அதைச் செய்ய முதலில் வேண்டியது ஒரு பெரிய அட்டைப்பெட்டி. வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி உள்ளே நுழைத்து, எங்கே இடிக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். வளைவு வரும் மூலையில்தான் பொறுமை வேண்டும். இடது பக்கம் சரியாக அமைந்துவிட்டது என்று அதையே திருப்பிப் போட்டு வலது பக்கத்துக்கும் வெட்டிவிடாதீர்கள். எப்போதாவது இடி வாங்கி டிங்கரிங் பார்த்த வண்டியென்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இராது.

அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு அதே அளவில் சன்பேக் ஷீட்டை வெட்டலாம். விளம்பரப் பலகைக்குப் பயன்படுகிற, உள்ளே வரிவரியாகக் குழல் ஓடும் அந்த பிளாஸ்டிக் ஷீட்தான். இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் குழல் நீளவாக்கிலும் மற்றதன் குழல் குறுக்கிலும் வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டினால் சுலபத்தில் வளையாது. மேலே கெட்டியான பருத்தித் துணி போர்த்தி, ஓரங்களை வெல்க்ரோவால் பிடிக்க வைத்தால் வேலை முடிந்தது. ப்ளைவுட்டில் செய்தால் இன்னும் உறுதியாக இருக்குமே என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சடன் பிரேக் போட்டால் அந்தப் பலகை பின் சீட்டில் இருக்கும் குழந்தையின் தலையை நோக்கித்தான் வரும். சன்பேக் தட்டிலும் கனமான பொருள் எதையும் வைக்கக் கூடாது. ஒரு துண்டு, ஒரு செய்தித்தாள், அவ்வளவுதான்.

அடுத்தது வெயில் தடுப்பு. நிறுத்திய காருக்குள் வெயில் கண்ணாடி வழியாக நுழைந்து டேஷ்போர்டைச் சுட வைக்கிறது. டேஷ்போர்டிலிருந்து கிளம்பும் வெப்பமோ அதே கண்ணாடி வழியாக எளிதில் வெளியேறுவதில்லை. ஆகவே வெயிலை டேஷ்போர்டில் படவிடாமல் கண்ணாடியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். விசிறி மடிப்பாக மடித்த அட்டையில் வெள்ளிநிறத் தாளை ஒட்டி, பளபளக்கும் பக்கம் வெளியே தெரியும்படி கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தினால் நன்றாகவே வேலை செய்யும். வண்டியை எடுக்கும்போது மடித்து சீட்டுக்கு அடியில் போட்டுவிடலாம். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டதால், கழற்றக்கூடிய இந்த அட்டைக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

தரை விரிப்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கயிற்றுப் பாயை அளவாக வெட்டிப் போட்டால் மண்ணை நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. பின் சீட்டுக்காரர்களுக்குத் தாராளமாகப் போடுங்கள். ஓட்டுபவர் காலடியில் வேண்டாம். அங்கே நழுவாமல் கொக்கியில் மாட்டும் கம்பெனி மேட் ஒன்றே ஒன்று போதும், அதன்மேல் இன்னொன்று கூடாது. மேட் நழுவி ஆக்ஸிலரேட்டர் பெடலில் சிக்கக்கூடும் என்பதற்காக 2009இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை வந்ததென்றால், வீட்டில் வெட்டிய பாய்க்கு உத்தரவாதம் யார் கொடுப்பது?

டாடா நானோ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு யோசனை. 2015க்கு முந்தைய நானோவில் பின்கதவு திறக்காது. சீட்டை மடக்கித்தான் பின்னால் சாமான் வைக்க முடியும். பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் பாக்கெட்டுகளை ஒரு துணியில் வரிசையாகத் தைத்து, முன் சீட்டின் முதுகில் நாடாவால் கட்டிவிட்டால் தண்ணீர் பாட்டில், குடை, குழந்தையின் மாற்றுடை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

சீட் கவரும் வீட்டிலேயே தைக்கலாம். வெயிலில் கொதிக்கும் ரெக்சினைவிடப் பருத்தித் துணி உடம்புக்கு இதம், வாராவாரம் துவைத்தும் போடலாம். ஆனால் தைப்பதற்கு முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைத் துணி மூடக் கூடாது. டேஷ்போர்டில் ஏர்பேக் உள்ள வண்டியென்றால், அந்த மூடியின்மேல் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளையாரையும் சற்றுத் தள்ளி, அது விரியும் வழியில் இல்லாத இடமாகப் பார்த்து அமர்த்திவிடுங்கள்.