உடன்படாதவரின் சொல்

ஆங்கில நாளிதழ்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் டிஸ்ஸென்ட். கருத்து வேறுபாடு என்று அதற்குப் பொருள் சொன்னால் போதாது. ஒரு திரைப்படம் நன்றாக இருந்ததா என்று இருவர் வாதாடினால் அதை யாரும் டிஸ்ஸென்ட் என்பதில்லை. எல்லாரையும் கட்டுப்படுத்தும் முடிவு ஒன்று இருக்க வேண்டும். அதற்கு உட்பட்ட ஒருவரே ‘நான் உடன்படவில்லை’ என்று பலரறியச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1662-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பொது வழிபாட்டு நூலை ஏற்க மறுத்துப் பல போதகர்கள் பதவி இழந்தார்கள். அவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் டிஸ்ஸென்டர்கள் என்றார்கள். சபையை விட்டே வெளியேறியவர்கள் எப்படி உட்பட்டவர்கள் ஆவார்கள் என்று கேட்கலாம். சபையைத்தான் விட்டார்கள், நாட்டை விடவில்லை. 1689-இல் தனியே வழிபடும் உரிமை கிடைத்தது; அரசுப் பதவிகளுக்கான தடையோ 1828 வரை சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டங்களுக்குக் கீழே வாழ்ந்துகொண்டேதான் அவற்றை மறுத்தார்கள்.

இந்தச் சொல் இன்று கூர்மையாக வழங்குவது நீதிமன்றத்தில். நாம் அதை மாறுபட்ட தீர்ப்பு என்கிறோம், நல்ல வழக்கு. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது விசாரணையின்றி அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு, 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வர் ‘கூடாது’ என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். மறு ஜனவரியில், பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்த எம்.எச். பேக் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

ஒருவர் மட்டும் எழுதும் தீர்ப்பு யாரையும் விடுவிக்காது, நீதிமன்றம் ஒரே குரலில் பேசுவதை அது கெடுக்கிறது என்பார்கள். முதல் பாதி உண்மை: கன்னாவின் தீர்ப்பால் சிறைக்கதவு எதுவும் திறக்கவில்லை. மாறுபட்ட தீர்ப்புகள் எல்லாமே பின்னால் வெல்லும் என்பதும் இல்லை. பல, தீர்ப்புத் தொகுதிகளுக்குள்ளேயே தூங்குகின்றன. ஆனால் வெறும் மறுப்பாக நிற்காமல் காரணங்களோடு எழுதிவைத்தால், பின்வரும் நீதிபதி எடுத்தாள ஏதாவது மிஞ்சும். கன்னாவின் கருத்து பின்னால் வென்றது: 1978-இல் 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான உரிமையை நாடி நீதிமன்றம் செல்வதைத் தடுக்க முடியாதபடி செய்தது. 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில், நால்வரின் முடிவு தவறு என்று உச்ச நீதிமன்றமே நிராகரித்தது. அவ்வழக்கின் முதன்மைத் தீர்ப்பை எழுதிய டி.ஒய். சந்திரசூட், அந்த நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.